பேச்சியம்மாளின் வலது கை

குத்துச்சண்டைக் கையுறைக்குள் முதன்முதலாகக் கையை விட்டபோது எனக்குத் தட்டுப்பட்டது ஈரம்தான். எனக்கு முன்னால் ஏழு பெண்கள் அதை மாட்டிக் கழற்றியிருந்தார்கள். எட்டாவதாக என் முறை வந்தபோது உள்ளே இருந்த துணி நனைந்த கால்மிதிபோலக் கசகசத்தது. முகப்பவுடரும் வியர்வையும் ரெக்சினும் கலந்த ஒரு வாடை மணிக்கட்டுவரை ஏறி, வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்ட பிறகும் சோற்றில் கை வைக்கும்போது திரும்ப வந்தது. ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு ஜோடிக் கையுறைகளும் இரண்டு தலைக்கவசங்களும் ஒரு விதிமுறைப் புத்தகமும் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த வருடம் அது. நான் விருதுநகரில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு ஆசிரியை கனகா டீச்சர் கோ-கோ ஆடியவர். குத்துச்சண்டையை அவரும் எங்களோடு சேர்ந்துதான் அந்தப் புத்தகத்திலிருந்து படித்தார். சைக்கிள் கொட்டகையில் சைக்கிள்களை ஓரங்கட்டிவிட்டு, ஒரு கையில் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, "இடது கால முன்னால வைக்கணுமாம், வைங்க பாப்போம்" என்பார். வைப்போம்.

முதல் வாரமே ஜெயா என்னை மூக்கில் குத்தினாள். ஜெயா என் வகுப்புத் தோழி, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரி. அவள் வேண்டுமென்று குத்தவில்லை. டீச்சர் குத்தச் சொன்னார், குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டி, எதிரே நின்றவள் இரண்டாகத் தெரிந்து, மூக்குத் தண்டிலிருந்து பின்மண்டைவரை ஏதோ ஒன்று சுண்டி இழுத்தது. இனி என் முகத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அது வீரத்தில் வந்த முடிவல்ல, பயத்தில் வந்தது. மற்ற பெண்கள் எப்படிக் குத்துவது என்று கற்றுக்கொண்டிருந்த மாதங்களில், எப்படிக் குத்து வாங்காமல் இருப்பது என்பதை மட்டும் நான் கற்றுக்கொண்டேன். இரண்டு கைகளையும் கன்னத்தோடு ஒட்டி, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு குத்து வருவதற்கு முன் தோள் அசைகிறது, அதற்கு முன் இடுப்பு, அதற்கும் முன் கால் என்பதைக் கண்டுபிடித்தேன். கையைப் பார்த்துக்கொண்டிருப்பவள்தான் அடி வாங்குகிறாள்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. போட்டிகளில் எதிராளி வீசிக்கொண்டே இருப்பாள், நான் ஒதுங்கிக்கொண்டே இருப்பேன். காற்றை அடிப்பது ஆளை அடிப்பதைவிடக் களைப்பான வேலை. மூன்றாவது சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் அவள் கைகள் தொங்கிப்போகும்போது நாலைந்து குத்துகளை, குத்துகள்கூட இல்லை, தட்டல்களைத் தட்டிப் புள்ளி எடுத்துவிடுவேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது. சிவகாசிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எனக்கு "நமுத்த வெடி" என்று பெயர் வைத்தார்கள். மழையில் நனைந்து, திரி கிள்ளிப் பற்றவைத்தாலும் வெடிக்காமல் கிடக்கும் பட்டாசுக்கு அங்கே அதுதான் பெயர்.

எம். புதுப்பட்டியிலிருந்து வந்த பேச்சியம்மாளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "அணுகுண்டு". அவளுடைய அப்பா மக்காச்சோளமும் பருத்தியும் போடும் விவசாயி. போட்டிக்குப் போட்டி மகளைத் தன் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வருவார், பேசவே மாட்டார். பேச்சியம்மாளும் பேச மாட்டாள். ஒல்லியான பெண். அந்த உடம்பில் அந்த அடி எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் பத்தாம் வகுப்புப் படித்தபோது மாவட்டப் போட்டியில் அவளும் ஜெயாவும் மோதினார்கள். முதல் சுற்றில் பாதி நேரம்கூடப் போகவில்லை. பேச்சியம்மாளின் வலது கை ஒரே ஒரு முறை ஜெயாவின் தடுப்புக்கு மேலாக வந்து இறங்கியது. ஜெயா பின்னால் சாயவில்லை, நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள். அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்த பிறகு, "பஸ் வந்துருச்சா?" என்று என்னைக் கேட்டாள். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டாள், மருத்துவரும் பயமில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அவளுடைய வீட்டில் அதோடு கையுறையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் பேச்சியம்மாளின் எதிரே நிற்கவேண்டிய முறை எனக்கு வந்தது. நாற்பத்தெட்டுக் கிலோ பிரிவில் எங்கள் மாவட்டத்தில் அந்த வருடம் பெண்கள் அதிகமில்லை. மற்றவர்கள் தோற்றுப் போக, இறுதிப் போட்டிக்கு அவளும் நானும் மிஞ்சினோம். ஜெயிப்பவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். மூன்று வாரம் இருந்தது.

என் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. தகவல் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே அது ஒரு வழக்காகிவிட்டது. குத்தாத பிள்ளை குத்துகிற பிள்ளையைத் தாங்குமா என்பதுதான் வழக்கு. மூட்டை இறக்கும் சுடலை அண்ணன் என் பக்கம். தராசடியில் நிற்கும் மூக்கையா அண்ணாச்சி எதிர்ப்பக்கம். பள்ளி விட்டு நான் கடை வழியாகப் போகும்போது இருவரும் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, நான் இல்லாததுபோல என்னைப் பற்றியே பேசுவார்கள்.

"அடிச்சு அடிச்சு அவளுக்குக் கை ஓஞ்சு போகும்ல. பாப்பா நிக்கும், நீங்க வேணா பாருங்க" என்பார் சுடலை அண்ணன்.

"எம்புட்டு நேரம் நிக்கும்லே? நீ முப்பது மூட்ட தூக்குவ. முப்பத்தோராவது மூட்ட சறுக்குனா அந்த முப்பதும் சேந்து வந்து தாங்குமா?" என்பார் மூக்கையா அண்ணாச்சி.

அப்பா இதில் கலந்துகொள்ளமாட்டார். ஒருநாள் மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அடிக்கிறவளுக்கு ஒரு அடி பட்டாப் போதும், தாயி. தடுக்கிறவ அம்புட்டையும் தடுக்கணும். எனக்கு அது சரியான கணக்காத் தெரியல." போகாதே என்று அவர் சொல்லவில்லை. அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "நான் கூடப் போறேன். விழுந்தா தூக்கிட்டு வர ஆள் வேணும்ல" என்றாள். எங்கள் வீட்டில் அனுமதி என்பது அந்த மாதிரிதான் வரும்.

எனக்கு உதவியது ஜெயாதான். கையுறையைத் தொடக் கூடாது என்றுதானே சொன்னார்கள், கொட்டகைக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லையே என்று அவளாக ஒரு நியாயம் கண்டுபிடித்து, தினமும் மாலையில் வந்து சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொள்வாள். அந்த அடியைப் பற்றி நான் அதுவரை அவளிடம் கேட்டதில்லை. ஒருநாள் கேட்டேன், ரொம்ப வலித்ததா என்று.

"வலிக்கலடி. அதான் பயம். வலிச்சா தெரியும்ல. இது கரண்டு போன மாதிரி. பாத்துக்கிட்டே இருக்கேன், பொசுக்குன்னு இல்ல." பிறகு சொன்னாள்: "ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு பாத்தேன். வலது கை வர்றதுக்கு முன்னால அவ வலது குதிகால் மேல ஏறும். நல்லா ஏறும். நான் அதப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன்."

அதைத் தவிர அவளிடம் எனக்குக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை; ஆனால் மூன்று வாரமும் அதையேதான் செய்தோம். ஜெயா விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என் எதிரே நிற்பாள். குதிகாலைத் தூக்குவாள், விளக்குமாறு வரும், நான் ஒதுங்குவேன். சில சமயம் குதிகாலைத் தூக்கிவிட்டு அடிக்கமாட்டாள், சில சமயம் தூக்காமலே அடிப்பாள். கனகா டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போட்டி ஆவணி மாதத்தில், சிவகாசியில் ஒரு பள்ளி மைதானத்தில், பந்தலுக்குக் கீழே நடந்தது. தீபாவளிச் சீசன் ஏறிக்கொண்டிருந்த நேரம். வழியெல்லாம் தார்ப்பாய் கட்டிய லோடு லாரிகள். ஆமத்தூர் தாண்டும்வரை எங்கள் பஸ் அவற்றுக்குப் பின்னாலேயே ஊர்ந்தது. மைதானத்துக்குத் தெற்கே எங்கோ பட்டாசுக் கம்பெனியில் வெடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வந்துகொண்டே இருந்தது, கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மணி அடிப்பதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டாள். கடைசிவரை நிமிரவில்லை என்று பிறகு ஜெயா சொன்னாள்.

மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம். முதல் சுற்று நான் எண்ணியதைவிட எளிதாகப் போனது. பேச்சியம்மாள் நேராக வந்தாள், நான் வட்டமாகப் போனேன். அவளுடைய இடது கை என் கையுறைகளில் பட்டுக்கொண்டே இருந்தது. தடுத்த அடியும் அடிதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், ஒவ்வொன்றுக்கும் என் தோள்கள் எலும்போடு அதிர்ந்தன. வலது கையை அவள் அதிகம் வீசவில்லை. இரண்டு முறைதான் குதிகால் ஏறியது, இரண்டு முறையும் நான் அந்த இடத்தில் இல்லை. நான் இடமே கொடுக்கவில்லை, அதனால்தான் அவளால் வீசமுடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஒரு சின்னத் திமிர்கூட வந்தது.

அதற்கான கூலி இரண்டாவது சுற்றில் கிடைத்தது. அவளுடைய வலது குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்த என்னை அவள் இடது கை பக்கவாட்டிலிருந்து வந்து காதோரத்தில் அடித்தது. ஜெயா சொன்னது சரி, வலிக்கவில்லை. பந்தல் மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் விழவில்லை, கயிற்றில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். நடுவர் இருவருக்கும் நடுவில் வந்து என் முகத்துக்கு எதிரே விரல்களைக் காட்டி எட்டு வரை எண்ணினார். ஆறு என்று சொன்னபோதுதான் சத்தம் திரும்பி வந்தது. "முடியுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஆட்டம் தொடர்ந்ததும் அவள் முடித்துவிட வந்தாள். குதிகால் ஏறியது. வலது கை இந்த முறை தலைக்கு வரவில்லை, விலாவுக்கு வந்தது. ஒதுங்க நேரமில்லாமல் முழங்கையை மட்டும் கீழே இறக்கினேன். அவளுடைய முட்டி என் முழங்கை எலும்பின் முனையில் வந்து மோதியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, சீமைக்கருவேலக் குச்சியை முறிப்பதுபோல ஒன்று. அவள் கண்கள் அகன்றன. வாய்க்காப்பைக் கடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். எனக்கு முழங்கையிலிருந்து சுண்டுவிரல்வரை மரத்துவிட்டது. மணி அடித்தது.

மூலையில் ஜெயா தண்ணீரைக் கொடுத்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "கை போயிருச்சுடி அவளுக்கு. வலது கைய இடுப்புல வச்சிருக்கா, பாரு. இப்ப உள்ள போ. போயி அடி."

கனகா டீச்சர் தயங்கினார். "பாத்துக்கோ உமா. உனக்கு எப்படித் தோணுதோ" என்று மட்டும் சொன்னார்.

எதிர் மூலையில் பேச்சியம்மாளின் பக்கத்தில் நின்றவர் அவளிடம் ஏதோ கேட்க, இல்லை இல்லை என்று அவள் தலையசைப்பது தெரிந்தது. கையைக் காட்டச் சொல்லியிருப்பார். காட்டவில்லை.

அந்த ஒரு நிமிட இடைவேளையில் நான் ஒன்றும் பெரிதாக யோசித்துவிடவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். பாவம் என்றும் தோன்றவில்லை, ஜெயாவுக்காகப் பழி வாங்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. எட்டு எண்ணியதால் நான் புள்ளியில் பின்தங்கியிருக்கிறேன், ஒதுங்கி நின்றால் தோற்பேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் நான் முதன்முறையாக முன்னால் போனேன். வலது கை வராது என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கம் முழுவதும் திறந்துகிடந்த கதவு. அந்தப் பக்கமாகவே போய், முகத்தில், நெற்றியில், மறுபடி முகத்தில் அடித்தேன், தட்டவில்லை, அடித்தேன். அவள் ஒற்றைக் கையால் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பின்வாங்கவே இல்லை. கடைசி விநாடிகளில் அந்த வலது கையையும் ஒரு முறை வீசினாள். அது என் தோளில் பட்டது. என்னைவிட அவளுக்குத்தான் வலித்திருக்கும்.

நடுவர் என் கையை உயர்த்தினார். மிகச் சிறிய வித்தியாசம். அம்மா எழுந்து வந்து, என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சம் சோற்றை என் கையில் கொடுத்தாள். பந்தலுக்கு வெளியே பேச்சியம்மாளின் கையுறையை அவளுடைய அப்பா கழற்றிக்கொண்டிருந்தார். புறங்கை முழுவதும் வீங்கியிருந்தது. போய் ஏதாவது சொல்லவேண்டும் என்று எழுந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதில் அவர்களுடைய வண்டி கிளம்பிவிட்டது. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பதாக அடுத்த வாரம் கேள்விப்பட்டோம். அதன் பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் வரவில்லை.

நான் மாநிலப் போட்டிக்குப் போய், என்னைவிட நன்றாக ஒதுங்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினேன். பன்னிரண்டாம் வகுப்போடு குத்துச்சண்டை முடிந்தது. ஆனால் கடையில் வழக்கு எனக்குச் சாதகமாகத் தீர்ந்திருந்தது. மூக்கையா அண்ணாச்சி தானாகவே முன்வந்து, "தடுப்பு நின்னுருச்சு, ஒத்துக்கிடுறேன்" என்றார். பிற்காலத்தில் கல்லூரியில், வேலையில், கல்யாணமாகிப் போன வீட்டில், யாராவது தொலைக்காட்சியில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் நான் தயங்காமல் பதில் சொல்லிவந்தேன்: நல்ல தடுப்பு இருந்தால் எப்பேர்ப்பட்ட அடியையும் தாங்கலாம், நானே தாங்கியிருக்கிறேன். இன்னொரு பாதியை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெண்ணின் கையை ஒடித்து, ஒடிந்தது தெரிந்த பிறகு அந்தப் பக்கமாகவே போய் அடித்தேன் என்பது அந்தப் பாதி.

இப்போது சூலக்கரையில் ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஒரு திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாளில், எம். புதுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் ஓடையைத் தூர்வாரச் சொல்லி மனுவோடு வந்திருந்தார்கள். முன்னால் நின்ற பெண், "மேடம், இத எங்கன குடுக்கணும்? சொல்றீகளா?" என்று காகிதத்தை நீட்டினாள். நீட்டிய வலது கையில் சுண்டுவிரலுக்கு மேலே இருக்கவேண்டிய முட்டி இல்லை, அந்த இடம் பள்ளமாக இருந்தது. மனுவில் முதல் கையெழுத்து பேச்சியம்மாள் என்று இருந்தது.

என் பெயரைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "வத்தக் கடை அண்ணாச்சி மகளா? நமுத்த வெடி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கூட வந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனுவைப் பதிந்துவிட்டு டீக்கடைக்குப் போனோம். இத்தனை வருடம் வைத்திருந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "உன் கை என் முழங்கையில பட்டுத்தான் ஒடிஞ்சது. அது தெரிஞ்சேதான் கடைசி ரவுண்டுல உன்ன அடிச்சேன்."

"அடிக்கத்தான அங்க ஏறுனோம்? வேற எதுக்கு?" என்றாள் பேச்சியம்மாள். பிறகு புருவத்தைச் சுருக்கி, "உன் முழங்கையிலயா? யாரு சொன்னா? அது அதுக்கு முந்துன வாரமே ஒடிஞ்சிருச்சு" என்றாள்.

அவர்கள் தோட்டத்தில் வேப்ப மரத்தில் மணல் நிரப்பிய சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டுக் குத்திப் பழகியிருக்கிறாள். மழையில் மணல் நனைந்து கல்லாக இறுகியிருந்ததை அறியாமல் முழு வேகத்தில் குத்தியிருக்கிறாள். அப்பாவிடம் சொன்னால் கூட்டிக்கொண்டு வரமாட்டார் என்று, மஞ்சள் பற்றுப் போட்டு, துணியை இறுக்கிக் கட்டி, வலியோடேயே வந்திருக்கிறாள். என் முழங்கையில் பட்டபோது ஏற்கெனவே விட்டிருந்தது இன்னும் கொஞ்சம் விட்டது, அவ்வளவுதான்.

"சொல்லியிருக்கலாம்ல? அடுத்த வருசம் வந்திருக்கலாம்" என்றேன்.

"அடுத்த வருசம் எங்கப்பா விடுவாருன்னு யாருக்குத் தெரியும்? வருசம் பூரா அந்த ஒரு நாளுக்குத்தான கெடந்தேன்."

நான் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். "கை நல்லா இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவள் உண்மையாகவே யோசித்தாள். "எங்கப்பா சாகுற வரைக்கும், ஒரே அடில நீ விழுந்திருப்பன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. எனக்கு அப்படி உறுதியாத் தோணல. கொடியில காயுற சேலைய அடிக்கிற மாதிரி இருந்துச்சு உன்ன அடிக்கிறது, எங்கயும் சிக்க மாட்ட. ஆனா முழுக் கையோட நான் வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு எனக்கும் தெரியாது." கடைசி மிடறைக் குடித்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓடை விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், பார்க்கிறேன் என்றேன். அந்தக் கையாலேயே என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஒரு பாரம் இறங்கியிருக்கவேண்டும்; இறங்கியது. ஆனால் அதோடு சேர்ந்து வேறொன்றும் போய்விட்டது. நான் தாங்கியது பேச்சியம்மாளின் அடியை அல்ல, அதில் மிஞ்சியிருந்ததை. சுடலை அண்ணன் ஜெயிக்கவும் இல்லை, மூக்கையா அண்ணாச்சி தோற்கவும் இல்லை. அவர்கள் இருவரும் இப்போது இல்லை, அந்தக் கடையும் கைமாறிவிட்டது. சிவகாசியில் எங்களுக்குப் பந்தல் போட்ட மைதானத்தில் இன்று ஒரு கட்டடம் நிற்கிறது. நல்ல தடுப்பு பெரிய அடியைத் தாங்குமா என்று போன மாதம்கூட அலுவலகத்தில் ஒரு பையன் கேட்டான், நான் தெரியாது என்றேன். அதற்குப் பதில் கண்டிருக்கக்கூடியவர்கள் அன்று உலகத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஆளுக்கு நாற்பத்தெட்டுக் கிலோ எடையில், பேசத் தெரியாத இரண்டு பெண்கள்.